ஓடை நீரும் வடிதுணியும்

நீரை வடிகட்டிப் பருகுதல், இரவில் உண்ணாமை, நாள்தோறும் ஜினாலயம் சென்று வழிபடுதல் ஆகிய மூன்றும் சமண இல்லறத்தாரை ஊரார்க்கு அடையாளம் காட்டுவன என்று நம் முன்னோர் கூறி வந்தனர். இவற்றுள் பின்னைய இரண்டும் நம் குடும்பங்களில் எந்த அளவுக்கு நிலைத்திருக்கின்றன என்பதை அவரவர் நெஞ்சே அறியும். முதலாவதோ இன்று உலகோர் அனைவரும் மேற்கொள்ளும் வழக்கமாகிவிட்டது. வடிகட்டாத நீரை இக்காலத்தில் யார்தான் பருகுகின்றனர்? சமையலறைச் சுவர்தோறும் ஒரு நீர்க்கருவி தொங்குகிறது. மலையேறச் செல்லும் இளைஞனின் முதுகுப் பையிலும் விரல் நீள வடிகட்டி ஒன்று இருக்கிறது. ஆயினும் அவர்கள் வடிகட்டுவதும் நம் பாட்டிமார் வடிகட்டியதும் ஒரே செயலா என்று சற்றே எண்ணிப் பார்க்க வேண்டியுள்ளது.

இவ்வினா வெறும் ஏட்டு வினா அன்று. அண்மைக் காலத்தில் நம் பிள்ளைகள் கல்லூரி நண்பர்களுடன் மேற்குத் தொடர்ச்சி மலைக்கும் இமயமலைச் சாரலுக்கும் சென்று, கூடாரம் அடித்து நான்கைந்து நாள் தங்கி வருகின்றனர். அங்குக் குழாய் இல்லை; ஓடைதான் உண்டு. "அவ்விடத்தில் என் மகன் நீரைக் கொதிக்க வைக்கலாமா? மாத்திரை போடலாமா? துணியில் வடித்தால் மட்டும் போதுமா?" என்று தாய்மார்கள் நம்மிடம் வினவுகின்றனர். ஓய்வு பெற்ற ஆசிரியை என்றால் எல்லாவற்றுக்கும் விடை வைத்திருப்பாள் என்பது அவர்கள் எண்ணம் போலும்! விடையைக் காட்டிலும் வினாவே நமக்குப் பெரிதாகப் பட்டமையால் இதனை எழுத முற்பட்டோம்.

முதலில் நம் ஆகமம் நீரைப் பற்றிக் கூறுவதைத் தெளிவாகப் பிரித்து அறிந்துகொள்ள வேண்டும். நீரையே உடலாகக் கொண்ட ஓரறிவுயிர்கள் ஒருவகை; அவற்றை அப்காய உயிர் என்பர். நீரில் வாழும், நகரும், இரண்டு முதலான அறிவுடைய உயிர்கள் மற்றொரு வகை. அவை திரச உயிர்கள், அதாவது இயங்குயிர்கள். முன்னையது நீரே ஆதலின் எந்தத் துணியாலும் அதனைப் பிரிக்க இயலாது. வடிகட்டுதல் பின்னையவற்றைக் காப்பதற்காகவே ஏற்பட்டது. இல்லறத்தார் இயங்குயிர்களை வேண்டுமென்றே கொல்லாமையை நோன்பாக ஏற்கின்றனர். நிலையுயிர்களைப் பொறுத்தவரை தேவைக்கு மேல் அழியாதபடி அளவு காக்கின்றனர். சமைத்தல், பெருக்குதல், நீர் முகத்தல் ஆகிய வீட்டுத் தொழில்களில் நேரும் ஊறு ஆரம்ப இம்சை எனப்படும். கொல்வேன் என்று எண்ணிக் கொல்வது சங்கல்ப இம்சை. இல்லறத்தான் முற்றத் துறக்க வேண்டியது இரண்டாவதை. முதலாவதை முற்றத் துறக்க அவனால் இயலாது, குறைக்க இயலும்.

ஒரு துளி நீரில் 36,450 உயிர்கள் உள்ளன என்று ஐரோப்பியர் ஒருவர் எண்ணிக் கண்டார் என்னும் செய்தி நம் நூல்கள் பலவற்றில் ஒன்றைப் பார்த்து ஒன்றாக அச்சாகி வருகிறது. அதை மேடையில் சொன்னால் கைதட்டல் கிடைக்கும். ஆனால் குளத்து நீர்த் துளிக்கும் சுனை நீர்த் துளிக்கும் ஒரே எண் எப்படிப் பொருந்தும்? அன்றியும், உருப்பெருக்கியில் தென்படுவன நீரில் வாழும் உயிர்களே. ஆகமம் கூறும் நீருடல் உயிரை எக்கருவியும் காட்டுவதில்லை. இரண்டையும் குழப்பி, 'விஞ்ஞானமே ஒப்புக்கொண்டது' என்று மகிழ்வது நமக்குப் பெருமை தருவதாகத் தோன்றவில்லை.

ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் நாம் பயின்ற காலத்தில் குளத்து நீரில் ஒரு சொட்டைக் கண்ணாடிச் சில்லில் இட்டு உருப்பெருக்கியின்கீழ் வைத்துக் காட்டினர். செருப்பு வடிவான பரமேசியம் ஒன்று சுழன்று சுழன்று சென்றது. பின்னர் ஒற்றைக் கண்ணுடைய சைக்ளாப்ஸ் என்னும் நீர்ப்பூச்சி துள்ளிக் குதித்தது. உடன் பயின்ற மாணவியர் 'ஐயோ கிருமி!' என்று முகம் சுளித்தனர். நம் வீட்டில் அதே பொருளுக்கு 'உயிர்' என்று பெயர். ஒன்றைக் கிருமி என்று அழைத்தால் அதனிடமிருந்து நம்மைக் காக்க வேண்டும் என்று தோன்றுகிறது. உயிர் என்று அழைத்தாலோ நம்மிடமிருந்து அதனைக் காக்க வேண்டும் என்று தோன்றுகிறது. உண்மையில் இரண்டும் வேண்டும். ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டால் வரும் கேட்டினை நாமறிந்த ஒரு நிகழ்ச்சி காட்டும்.

நமக்குத் தெரிந்த குடும்பத்து இளைஞன் ஒருவன் உத்தராகண்டில் மலையேற்றம் சென்றிருந்தான். நற்குடிப் பிறந்தவன், பற்றுடையவன். உடன் வந்தோர் நீரைக் கொதிக்க வைத்துப் பருக, இவன் மட்டும், 'நெருப்பினால் உயிர்கள் மாளும். எனக்கு வடித்த நீரே போதும்' என்று ஓடை நீரைக் கைக்குட்டையில் வடித்துப் பருகினான். ஓடைக்கு மேற்புறம் ஆட்டு மந்தை மேய்வதை அவன் அறியவில்லை. மூன்றாம் நாள் கடும் வயிற்றுப்போக்கு. எழுந்து நிற்கவும் இயலாமல் போகவே, நண்பர் நால்வர் தம் பயணத்தை விட்டுவிட்டு, இரண்டு நாள் அவனை மாறி மாறித் தூக்கிக் கீழே கொண்டுவந்து சேர்த்தனர். மருத்துவமனையில் பல நாள் கிடந்து பிழைத்தான். ஊர் திரும்பியதும் உறவினர் சிலர் அவனை 'நோன்பு காத்தவன்' என்று புகழ்ந்தனர். அப்புகழ்ச்சியில் நமக்கு உடன்பாடில்லை. வேறு சிலர், 'இந்தக் காலத்தில் இதெல்லாம் எதற்கு?' என்று ஏளனம் செய்தனர். அதிலும் நமக்கு உடன்பாடில்லை.

அவன் எந்த நோன்பைக் காத்தான்? கொதிக்க வைத்த நீரை நம் அறநூல்கள் இல்லறத்தார்க்கு விலக்கவில்லை. நம் முனிவர்களும் ஆர்யிகைகளும் கொதித்து ஆறிய நீரையே ஏற்பதை ஆகாரதானம் செய்த ஒவ்வொரு குடும்பமும் அறியும். வடிகட்டிய நீரில் ஒரு முகூர்த்தம், அதாவது 48 நிமிடம் கழிந்தால் மீண்டும் இயங்குயிர்கள் தோன்றும் என்பது மரபு. கிராம்பு முதலியன இட்டு நிறமும் சுவையும் மாறிய நீருக்கு இரண்டு சாமம், அதாவது 6 மணி நேரம். நன்கு கொதித்த நீருக்கு 24 மணி நேரம் என்று எல்லை வகுத்துள்ளனர். பகல் முழுதும் சிறுகச் சிறுகப் பருக வேண்டிய வழிநடைக்காரன், காலையில் வடித்த நீரை மாலை வரை புட்டியில் வைத்துப் பருகினால் அவன் வடித்ததற்குப் பயனே இல்லை என்பதன்றோ இதன் பொருள்? ஆகவே அவ்விளைஞன் காத்தது முன்னோர் வகுத்த ஒழுக்கத்தின் ஒரு பாதியை. மறு பாதியை யாரும் அவனுக்குச் சொல்லித் தரவில்லை. குறை அவனுடையது மட்டும் என்று சொல்ல மாட்டோம்.

இங்குத்தான் நம் பேரனின் வினா குறுக்கிட்டது. "பாட்டி, கொதிக்க வைத்தால் மிச்சமிருக்கும் உயிர்கள் எப்படியும் சாகத்தானே போகின்றன? அப்புறம் முதலில் துணியில் வடித்து என்ன பயன்? நேராக அடுப்பில் ஏற்றிவிடலாமே என்று நண்பர்கள் சிரிக்கிறார்கள்" என்றான். பன்னிரண்டாம் வகுப்பில் கணக்குப் படிக்கும் பிள்ளை. விடை ஒட்டுப்போட்டதாக இருந்தால் உடனே கண்டுகொள்வான்.

"வீடு தீப்பற்றும்போது உள்ளே இருப்பவர் அனைவரையும் காக்க முடியாது என்பதற்காகக் கைக்கு எட்டியவரையும் விட்டுவிடுவாயா?" என்று கேட்டோம். வடிதுணியில் தங்கும் உயிர்கள் கைக்கு எட்டியவை. அவற்றை முதலில் அகற்றி, அவை வாழ்ந்த நீரிலேயே விட்டு, அதன் பின்னரே நீரை அடுப்பில் ஏற்ற வேண்டும். இந்த வரிசை மாறினால் செயலின் பெயரே மாறிவிடும். வடியாமல் கொதிக்க வைப்பவன் காக்கக் கூடிய உயிரைக் காக்காமல் விட்டவன். அவன் கொல்ல எண்ணவில்லை என்பது உண்மைதான். ஆனால் தத்துவார்த்த சூத்திரம் இம்சைக்கு இலக்கணம் கூறுமிடத்தில் பிரமாதத்தை, அதாவது கருத்தின்றிச் செய்யும் சோர்வை, முன்வைத்தே கூறுகிறது. அமிருதசந்திரரின் புருஷார்த்த சித்தியுபாயமும் இதனை விரித்துரைக்கும்: விழிப்புடன் நடப்பவன் காலடியில் ஓருயிர் மடிந்தாலும் அவன் கொலையாளி ஆகான், விழிப்பற்றவன் காலடியில் எதுவும் மடியாவிடினும் அவன் குற்றமுடையவனே.

யசோதர காவியத்தை அறியாத தமிழ்ச் சமணர் இருக்க முடியாது. மாவினால் செய்த கோழியைப் பலியிட்டான் மன்னன். அங்கே ஓர் உயிரும் மடியவில்லை. எண்ணம் மட்டும் கொலை செய்தது. அதற்காகப் பிறவிதோறும் உழன்றான். அடுப்பில் கொதிக்கும் நீரிலோ உயிர்கள் மடிகின்றன. எண்ணம் கொலை செய்யவில்லை. இந்த இரண்டையும் எதிரெதிரே நிறுத்திப் பார்த்தால் நம் அறத்தின் நடுத்தண்டு புலப்படும். ஆயினும் ஓர் எச்சரிக்கை. 'எண்ணம் தூயது, ஆகவே எதுவும் செய்யலாம்' என்று இதனைத் திருப்பிக்கொள்ளும் கெட்டிக்காரர்களும் உண்டு. தூய எண்ணம் கையில் தெரிய வேண்டும். எவ்வளவு நீர் காய்ச்சுகிறோம் என்பதில் தெரிய வேண்டும். ஆறு பேர் அருந்த ஒரு குடம் போதும் எனில் இரண்டு குடம் காய்ச்சி, மறுநாள் காலை கூடாரத்தைச் சுற்றிலும் கொட்டுவதில் தூய எண்ணம் எங்கே?

நெருப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். நீர் எவ்வளவு நேரம் கொதிக்க வேண்டும் என்பதில் பலருக்கும் மிகைப்பட்ட கருத்து இருக்கிறது. குமிழியிட்டு நன்றாகக் கொதித்த பின் 1 நிமிடம் போதும். 2,000 மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தில் 3 நிமிடம் வேண்டும் என்பது அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையத்தின் அறிவுரை. உயரே செல்லச் செல்ல நீர் குறைந்த வெப்பத்திலேயே கொதித்துவிடும். 3,000 மீட்டரில் அது ஏறத்தாழ 90 பாகை. நோய் தரும் நுண்ணுயிர்கள் 70 பாகையிலேயே சில நிமிடங்களில் அழிந்துவிடுவதால் அவ்வெப்பமே போதுமானது. பத்து நிமிடம், இருபது நிமிடம் என்று காய்ச்சுவது எரிபொருளை வீணாக்குவதுதான். எரிவாயு அடுப்பானால் ஒரு லிட்டர் நீருக்கு ஏறக்குறைய 10 முதல் 15 கிராம் வாயு செலவாகும். விறகு என்றால் வேறு கதை. காட்டில் கிடக்கும் காய்ந்த கட்டையினுள் எறும்பும் கரையானும் வண்டின் புழுவும் குடியிருக்கும். அதனை எரிப்பவன் நீரிலுள்ள காணா உயிர்க்கு இரங்கி, கட்டையிலுள்ள காணும் உயிரைக் கொளுத்துகிறான். இரவில் மூட்டிய அடுப்பில் விட்டில்கள் வந்து விழும். எனவே வெளிச்சம் இருக்கும்போதே, எரிவாயு அடுப்பில், மூடியிட்ட பாத்திரத்தில் காய்ச்சி முடிப்பது நன்று. இரவுண்ணாமையைக் கடைப்பிடிப்போர்க்கு இது தனிச் சுமையாக இராது; எப்படியும் அவர்கள் அடுப்பு பொழுது சாயுமுன் அணைந்திருக்கும்.

இனி, வடிதுணியின் ஆற்றலையும் அதன் எல்லையையும் நேர்மையாகக் காண்போம். 36 அங்குலம் நீளமும் 24 அங்குலம் அகலமும் கொண்டு, கதிரவன் ஒளி ஊடுருவாத அளவு அடர்த்தியுடைய துணியை இரண்டாக மடித்து வடிக்க வேண்டும் என்பது மரபு. இங்கே அங்குலம் என்பது விரற்கடை. இத்துணி நோயையும் தடுத்தது என்பது வரலாறு. நரம்புச் சிலந்தி நோய் நம் நாட்டின் பல மாநிலங்களில் மக்களை வாட்டியது. முன்பு கூறிய சைக்ளாப்ஸ் பூச்சியின் உடலில் தங்கி அந்நோயின் இளம்புழு மனிதர் வயிற்றுக்குள் செல்லும். பூச்சி ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் அளவினது, துணியில் நின்றுவிடும். நீரை வடிகட்டுவதும் படிக்கிணறுகளை மாற்றியமைப்பதுமே அந்நோயை ஒழித்த வழிகளில் தலையாயவை. இந்தியாவில் கடைசி நோயாளி 1996-இல் காணப்பட்டார். 2000-இல் உலக சுகாதார நிறுவனம் நம் நாட்டை அந்நோய் நீங்கிய நாடு என அறிவித்தது. இன்னொன்று: வங்கதேசச் சிற்றூர்களில் பழைய பருத்திப் புடவையை நான்கு மடிப்புக்குக் குறையாமல் மடித்து நீர் வடித்த குடும்பங்களில் காலரா 48 விழுக்காடு குறைந்தது என்று ரீட்டா கோல்வெல் என்னும் அறிவியலாளரும் அவர் குழுவினரும் 2003-இல் வெளியிட்டனர். காலராக் கிருமி துணியில் தங்காத அளவு சிறியது. ஆனால் அது நீர்ப்பூச்சிகளின் உடலில் ஒட்டி வாழ்வதால் பூச்சியோடு சேர்ந்து நின்றுவிடுகிறது. புதுப் புடவையைக் காட்டிலும் துவைத்துத் துவைத்து நூல் விரிந்த பழைய புடவையே சிறந்தது என்றும் அவர்கள் கண்டனர். நம் பாட்டிமார் கேட்டிருந்தால் புன்னகை செய்திருப்பர்.

ஆனால் பாதி குறைந்தது என்றால் பாதி குறையவில்லை என்றும் பொருள். தனித்து மிதக்கும் நுண்ணுயிரைத் துணி தடுக்காது. ஆட்டு மந்தைக்குக் கீழே ஓடும் நீரில் வரும் ஜியார்டியா என்னும் ஒற்றைச் செல் உயிரின் கூடு 8 முதல் 12 மைக்ரான் அளவுடையது. பாக்டீரியா அதனினும் மிகச் சிறியது. வைரஸ் அதனினும் நுண்ணியது. முகாம் செல்வோர் இன்று கொண்டுசெல்லும் நுண்குழல் வடிகட்டியில் 0.1 அல்லது 0.2 மைக்ரான் துளைகள் உள்ளன. அது ஜியார்டியாவையும் பாக்டீரியாவையும் நிறுத்தும், வைரசை நிறுத்தாது. மனிதக் குடியிருப்புக்கு மேலே, உயரத்தில் எடுத்த நீருக்கு அதுவே போதும். குடியிருப்புக்குக் கீழே எடுத்த நீரை அதன் பிறகும் காய்ச்ச வேண்டும். குளோரின் மாத்திரை இட்டு அரைமணி காத்திருந்தால் பாக்டீரியாவும் வைரசும் அழியும். ஆனால் கிரிப்டோஸ்போரிடியம் என்னும் உயிர் அதற்கு அஞ்சாது. 1993-இல் அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் குளோரின் இட்ட குழாய் நீரிலேயே அது புகுந்து ஏறத்தாழ நான்கு லட்சம் பேரை நோயில் வீழ்த்தியது. ஆகவே மாத்திரையைக் கடைசித் துணையாக வைத்துக்கொள்வதே அறிவுடைமை.

புறஊதாக் கதிர் வீசும் பேனா போன்ற கருவி ஒன்றும் வந்துள்ளது. அதைப் பற்றி ஓர் இளைஞர் நம்மிடம், "அம்மா, இதில் உயிர் சாவதில்லை, பெருகும் ஆற்றல்தான் போய்விடுகிறது. ஆகவே இதுதான் முழுமையான அகிம்சை" என்று வாதிட்டார். அக்கதிர் நுண்ணுயிரின் மரபுப் பொருளைச் சிதைத்து அது பெருகாதபடி செய்வது மெய்யே. ஆனால் மலடாக்கி விழுங்குவது அருள் என்று எந்த அறநூலும் கூறக் கேட்டதில்லை. வழக்குமன்றத்தில் வெல்லக்கூடிய வாதம், நெஞ்சில் நிற்காது.

நுண்குழல் வடிகட்டி இம்மூன்றினும் வேறானது. அது கொல்வதில்லை, பிரித்து நிறுத்துகிறது. நம் வடிதுணியின் வழித்தோன்றல் என்றே அதனைக் கூறலாம். ஆயினும் வடிதுணியின் பணி வடித்தலோடு முடிந்துவிடுவதில்லை என்பதை இன்று நம்மில் பலரும் மறந்தோம். துணியில் நின்ற உயிர்களை வடித்த நீராலேயே அலசி, எந்த நீர்நிலையில் முகந்தோமோ அதே நீர்நிலையில் விட வேண்டும். அந்த அலசிய நீரை ஜீவாணி என்பர். ஒரு கிணற்று உயிர் வேறு கிணற்று நீரில் வாழாது என்பதால் இடம் மாறலாகாது. உயரத்திலிருந்து கொட்டினால் அதிர்ச்சியில் மடியும் என்பதால் அடியிலும் வளையம் பொருத்திய வாளியில் ஜீவாணியை வைத்து, நீர்மட்டம் வரை இறக்கி, அங்கே மெல்லக் கவிழ்ப்பர். எவ்வளவு நுட்பமான இரக்கம்! நோய்க்கு அஞ்சி வடிப்பவன் இதைச் செய்யத் தேவையே இல்லை. வடிக்கும் செயல் இருவர்க்கும் ஒன்று. வடித்த பின் நிகழ்வதில்தான் சமணன் வேறுபடுகிறான்.

இந்தப் பின்பாதியை நகரத்து வீட்டில் செய்ய வழியே இல்லை. குழாய் நீர் எந்த ஏரியிலிருந்து வந்தது? இருபது லிட்டர் கேனில் அடைத்து வரும் நீரின் கிணறு எங்கே? சுவரில் தொங்கும் சவ்வூடு கருவியோ ஒரு குடம் நல்ல நீர் தருவதற்கு இரண்டு மூன்று குடத்தைச் சாக்கடைக்கு அனுப்புகிறது. மூலத்தை அறியாதவன் மூலத்துக்கு எதைத் திருப்பித் தருவான்? மலையில் கூடாரம் அடித்தவன் நிலை அப்படியன்று. ஓடை அவன் காலடியில் இருக்கிறது. முகந்த இடம் தெரிகிறது. திருப்பி விட வேண்டிய இடமும் தெரிகிறது. நகரத்தில் பிறந்து வளர்ந்த நம் பேரப்பிள்ளைகள் நீர் வடித்தலை முழுமையாகச் செய்து பார்க்கும் வாய்ப்பு, வீட்டைவிட்டு விலகிச் செல்லும் அந்த நான்கு நாள்களில்தான் கிடைக்கிறது. அங்கே நோன்பைத் தளர்த்திக்கொள்ளலாமா என்று நம்மிடம் கேட்கின்றனர்!

கடையில் விற்கும் நெகிழிப் புட்டிகளைச் சுமந்து சென்றால் இத்தொல்லையெல்லாம் இல்லையே என்பார் உளர். ஒருவர்க்கு நாளொன்றுக்கு மூன்று நான்கு லிட்டர் வேண்டும். நான்கு நாள் நீரை எவரும் சுமக்க மாட்டார். சுமந்தாலும் வெறும் புட்டிகள் பாதையோரத்தில் விழும். வாய் திறந்து கிடக்கும் புட்டிக்குள் புகுந்த எறும்பும் வண்டும் வழுக்கும் சுவரில் ஏற மாட்டாமல் உள்ளேயே மடியும். சம்மேத சிகரம் போன்ற திருத்தலங்களுக்கு ஏறுவோரும் இதனை நினைவிற் கொள்ளுதல் வேண்டும். மேலும் கீழும் சுற்றுமாக 27 கிலோமீட்டர் நடந்து இருபது தீர்த்தங்கரர் வீடுபெற்ற மலையை வணங்கி வருவோர் அங்கே ஒரு புட்டியை எறிந்து வருவாராயின் அதை என்னவென்று சொல்வது?

பேரன் சென்ற ஆண்டு இமயமலைக்குப் புறப்பட்டபோது நாம் சொல்லி அனுப்பியவற்றை, கேட்ட தாய்மார்களுக்காக இங்கே குறிக்கிறோம். பழைய வெள்ளை வேட்டியிலிருந்து கிழித்த துணி இரண்டு. ஒன்று நனைந்திருக்கும்போது மற்றொன்று உலரட்டும். ஈரத்துணியைச் சுருட்டிப் பையில் திணித்தால் அதிலேயே உயிர் தோன்றி, விரிக்கும்போது மடியும். நீரை மந்தைக்கும் குடியிருப்புக்கும் மேற்புறத்தில், ஓடும் தெளிந்த நீராகப் பார்த்து முகக்க வேண்டும். பனியுருகி வரும் ஓடை பாறைமாவு கலந்து வெண்மையாக இருக்கும். அதை இரண்டு மணி நேரம் அசையாமல் வைத்துத் தெளிந்த பின்பே வடிக்க வேண்டும். இல்லையேல் நுண்குழல்கள் அடைத்துக்கொள்ளும். நம்மூராயின் தேற்றாங்கொட்டையைப் பாத்திரத்தின் உட்புறம் உரைத்தால் விரைவில் தெளியும். துணியில் வடித்து, ஜீவாணியைக் கரையில் நின்று வீசாமல் குனிந்து நீரோடு நீராக விட்டு, அதன் பின் கருவியில் வடிக்கலாம், அல்லது காய்ச்சலாம். இரவில் உறைபனி விழும் இடத்தில் வடிகட்டிக் கருவியைப் போர்வைக்குள் வைத்துக்கொள்ள வேண்டும். உள்ளிருக்கும் நீர் உறைந்தால் குழல் வெடித்துவிடும். வெடித்தது கண்ணுக்குத் தெரியாது. உடன் வருவோர் நீரைக் காய்ச்சினால் முகம் சுளிக்காமல், 'முதலில் நான் வடித்துத் தருகிறேன்' என்று பாத்திரத்தை வாங்கிக்கொள்ள வேண்டும். தன் நோன்பு பிறர்க்குச் சுமையாகாமலும் பிறர் செயலில் ஒரு பங்கு உயிர் காக்கப்படவும் இதுவே வழி.

அவன் திரும்பி வந்தபின் ஒரு நுட்பமான ஐயத்தை எழுப்பினான். கருவியின் நுண்குழலில் நின்றவற்றை எதிர்ப்புறமாக வடித்த நீரைச் செலுத்தி வெளியேற்ற வேண்டும். ஆனால் முகாம் நாள்தோறும் இடம் மாறுகிறது. முதல் நாள் ஓடையின் உயிர்கள் கருவியினுள் இருக்க, இரண்டாம் நாள் வேறோர் ஓடைக்கரையில் அதனைக் கழுவினால், வேறு கிணற்றில் ஜீவாணியைக் கவிழ்த்ததற்கு ஒப்பாகாதா? குழலில் நின்றவற்றுள் பெரும்பாலானவை திரச உயிர்கள் அல்ல, ஆதலின் அந்த விதி இங்கே பொருந்தாது என்று வாதிக்க இடமுண்டு. நாம் அவ்வாறு வாதிக்க விரும்பவில்லை. கூடாரத்தைப் பிரிக்குமுன் அதே ஓடையில் கருவியைக் கழுவி விட்டுப் புறப்படுவதில் என்ன இழப்பு? நான்கைந்து முறை பீச்சினால் முடிந்துவிடும். ஐந்து நிமிடம்கூட ஆவதில்லை. உடன் வருவோர் காலணிக் கயிறு கட்டி முடிக்க அதைவிட நேரமாகிறது என்று பேரனே கூறினான்.